விலையைப் போடும்போது அது எந்த இடத்து விலைன்னும் சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுச் சரக்கு பத்தி உங்க பத்திரிகையில வந்த கட்டுரையைப் படிச்சேன். ஃபேக்டரியில இவ்வளவு, கடையில இவ்வளவு, நடுவுல உள்ளது முழுக்க லாபம்னு ரெண்டு நம்பரைப் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு படம் போட்டிருந்தீங்க. நான் ஃபார்வர்டிங் ஆபீஸ்ல, அதாவது அடுத்தவங்க சரக்கைக் கப்பல்ல அனுப்ப ஏற்பாடு பண்ற ஆபீஸ்ல, டாக்குமெண்ட் பாக்குறவன், ரொம்ப வருஷமா இதே வேலை, கப்பலைக் கிட்டப் போய்ப் பாக்குறதை விட அதோட பேப்பரைப் பாக்குறதுதான் அதிகம். அந்தப் படத்தைப் பாத்ததும் மனசு ரொம்ப சங்கடமாயிடுச்சு, ஏன்னா நடுவுல நடக்குற எதுவுமே அதுல இல்ல, அந்த நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களை நான் தினமும் பாக்குறேன், பெரும்பாலும் அவங்க சின்ன வியாபாரிங்க. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், தயவுசெஞ்சு வெட்டாமப் போடுங்க.

முதல்ல ஒரு விஷயம். சரக்கு வர லேட்டாச்சுன்னா எல்லாரும் கடலைத்தான் நினைக்கிறாங்க. பெரும்பாலான ஆர்டர்ல கடல்ல போற நாளை விட கரையில போற நாள்தான் அதிகம். கடைக்காரர் ஆர்டர் கொடுத்தா அன்னைக்கே மிஷின் ஓடாது. சாம்பிள் வரணும், அதைப் பாத்து ஓகே சொல்லணும், அட்வான்ஸ் போகணும், அதுக்கப்புறம்தான் ஃபேக்டரிக்காரர் துணியோ பிளாஸ்டிக்கோ மோட்டாரோ வாங்கவே ஆரம்பிப்பார். பொதுவா 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி 70 சதவீதம் சரக்கு கிளம்புறப்போ இல்லன்னா பி.எல். (கப்பல் கம்பெனி கொடுக்குற சரக்கு ரசீது) காப்பி கைக்கு வந்ததும்னு பேசிக்குவாங்க. அதாவது வாங்குறவர் சரக்கைக் கண்ணால பாக்குறதுக்கு முன்னாடியே முழுப்பணமும் கையை விட்டுப் போயிடுது, அந்தப் பணத்துக்கு வட்டி ஓடிக்கிட்டே இருக்கு, உங்க படத்துல இந்த வட்டி எங்கயுமே இல்ல.

இன்ஸ்பெக்ஷன்னு ஒண்ணு இருக்கு. பாக்கிங் 80 சதவீதமாச்சும் முடிஞ்சதும் வாங்குறவரையும் விக்கிறவரையும் சேராத வேற கம்பெனி ஆள் ஒருத்தர் ஃபேக்டரிக்குப் போய் பெட்டிகளை அவரா தேர்ந்தெடுத்துப் பிரிச்சுப் பாப்பார். ஐ.எஸ்.ஓ. 2859-1 டேபிள் பிரகாரம் இத்தனை பீஸ் எடுத்தா இத்தனை குறை வரைக்கும் பாஸ், அதுக்கு மேல போனா ஃபெயில். சின்ன வியாபாரிங்க நிறைய பேர் இதுக்கு ஆகுற செலவை மிச்சம் பிடிக்கிறாங்க. கடலைத் தாண்டி வந்து பெட்டியைத் திறந்ததும்தான் ஸ்விட்ச் வேலை செய்யலன்னு தெரியும், அப்ப யாருகிட்ட போய்ச் சொல்றது, திருப்பி அனுப்பணும்னா ஃப்ரெய்ட்டு, அதான் கப்பல் வாடகை, யாரு கட்டுறது.

சரி, இப்ப நான் முக்கியமாச் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். அதுதான் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்.

உங்க கட்டுரையில ஃபேக்டரி விலைன்னு ஒரு நம்பர் போட்டீங்கல்ல, அது எந்த இடத்து விலை? ஃபேக்டரி வாசல்ல எடுத்துக்கிட்டா ஒரு விலை, அது எக்ஸ் ஒர்க்ஸ். அங்க இருந்து துறைமுகம் கொண்டுபோய் ஏற்றுமதி கஸ்டம்ஸ் முடிச்சு கப்பல்ல ஏத்திக் கொடுத்தா ஒரு விலை, அது எஃப்.ஓ.பி. கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்த்து இங்க உள்ள துறைமுகம் வரைக்கும்னா அது சி.ஐ.எஃப். ட்யூட்டி (சுங்க வரி) உட்பட எல்லாம் கட்டி உங்க குடோன் வாசல் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தா டி.டி.பி. பாரிஸ்ல இருக்குற சர்வதேச வர்த்தக சபை 1936-ல முதல்முறையா இந்த விதிகளை எழுதுச்சு, இப்ப நடைமுறையில இருக்குறது 2020 பதிப்பு, அதுல மொத்தம் 11 வகை இருக்கு. ஒரே ஷூவுக்கு 11 விதமா விலை சொல்லலாம், எல்லாமே உண்மையான விலைதான். இதுல எதுன்னு சொல்லாம ஒரு நம்பரைப் போட்டா அதை வச்சு எதையும் ஒப்பிட முடியாது.

சி.ஐ.எஃப்.ல ஒரு கண்ணி இருக்கு, புதுசா இறக்குமதி பண்ற ஆளுங்க அதுலதான் விழுறாங்க. விக்கிறவரே ஃப்ரெய்ட்டு கட்டிடுறார், நமக்குத் தலைவலி இல்லன்னு நினைச்சு சி.ஐ.எஃப்.னு ஒத்துக்குறாங்க. ஃபுல் கன்டெய்னருக்குச் சரக்கு இல்ல, ரெண்டு மூணு கியூபிக் மீட்டர்தான், அப்ப அது எல்.சி.எல்.ல வரும், அதாவது பல பேர் சரக்கு ஒரே பெட்டியில. அந்தப் பெட்டியைச் சேர்க்குற கம்பெனி, ஏத்துற ஊர்ல இருக்குற ஃபேக்டரிக்குக் கப்பல் வாடகையை ரொம்பக் குறைச்சலாச் சொல்லும், சில சமயம் வாடகையே இல்லாம எடுத்துக்கும், இன்னும் சில சமயம் சரக்கு கொடுத்ததுக்கு அவங்களே பணம் திருப்பிக் கொடுப்பாங்க. யாராச்சும் சும்மா கொண்டுவருவாங்களா? அந்தப் பணத்தை எல்லாம் இறங்குற இடத்துல வசூல் பண்ணுவாங்க. டி.ஓ. (சரக்கை விடச் சொல்ற சீட்டு) சார்ஜ், ஹேண்ட்லிங், டீ-ஸ்டஃபிங் (பெட்டியைப் பிரிச்சு இறக்குறது), டாக்குமெண்டேஷன், அட்மின், இன்னும் பேர் புரியாத நாலு லைன். வாங்குறவர் அந்த ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுக்கல, விலையும் பேசல, ஆனா சரக்கு அவங்க கையில இருக்கு, கட்டலன்னா டி.ஓ. கிடைக்காது. சரக்கோட மதிப்பை விட லோக்கல் சார்ஜ் அதிகமா வந்து, எனக்கு இந்தச் சரக்கே வேணாம்னு விட்டுட்டுப் போனவங்களை நான் பாத்திருக்கேன். எஃப்.ஓ.பி.ல வாங்கி, ஃப்ரெய்ட்டை நம்மளே பேசி, இறங்குற இடத்துச் சார்ஜ் எல்லாத்தையும் முன்னாடியே எழுத்துல வாங்கிக்கிட்டா இதுல முக்கால்வாசி வராது. இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல சார், அதான் பிரச்சனையே.

பெட்டியில ஏத்துறதைக் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா அங்க நடக்குற அஜாக்கிரதை ரெண்டு மாசம் கழிச்சு கடை ஷெல்ஃப்ல தெரியும். காலி கன்டெய்னர் ஃபேக்டரிக்கு வந்ததும் நல்ல ஆளா இருந்தா முதல்ல ஒருத்தர் உள்ள போய் நிப்பார், வெளிய இருந்து ரெண்டு கதவையும் சாத்துவாங்க, உள்ள கும்மிருட்டா இருக்கும், அப்ப கூரையிலயோ மூலையிலயோ ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிஞ்சாலும் அந்தப் பெட்டி வேணாம்னு திருப்பி அனுப்பிடணும், ஏன்னா வெளிச்சம் வர்ற வழியில தண்ணியும் வரும். அப்புறம் மோந்து பாப்பாங்க, போன தடவை கெமிக்கலோ மீனோ ஏத்தியிருந்தா அந்த வாடை துணியில ஏறிடும். தரை ஈரமா இருக்கான்னு கையை வச்சுப் பாப்பாங்க. பாக்கிங் அட்டையிலயும் மரத்துலயும் இருக்குற ஈரம் வெயில்ல ஆவியாகி, ராத்திரி குளிர்ல கூரைத் தகட்டுல தண்ணியா சேர்ந்து கீழ இருக்குற அட்டைப்பெட்டி மேல சொட்டும், வெளிய மழையே இல்லாட்டியும் உள்ள நனையும். அதுக்குத்தான் சுவத்துல ஈரம் உறிஞ்சுற பை தொங்க விடுறாங்க. மரப் பேலட் (சரக்கை அடுக்குற மரத்தட்டு) வச்சா 56 டிகிரியில 30 நிமிஷம் சூடு பண்ணியோ, அனுமதிச்ச வேற முறையில பூச்சியை அழிச்சோ முத்திரை குத்தியிருக்கணும், பூச்சி பரவக்கூடாதுன்னு உள்ள சர்வதேச விதி, முத்திரை இல்லன்னா சரக்கையே இறங்குற இடத்துல நிறுத்திடுவாங்க. எல்லாம் முடிஞ்சு கதவை மூடி போல்ட் சீல் போட்டு, அந்த சீல் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பணும். அந்த நம்பர் பி.எல்.ல ஒண்ணும் கதவுல வேறயுமா இருந்துச்சுன்னா அங்க ஆரம்பிக்கிற கேள்வி சீக்கிரத்துல முடியாது.

எடைக்கும் ஒரு விதி இருக்கு. 2016 ஜூலை 1-லேர்ந்து, பேக் பண்ண கன்டெய்னரோட எடையைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கலன்னா கப்பல்ல ஏத்தவே கூடாது. முன்னாடி வாய்க்கு வந்த எடையை எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க, கப்பல்ல பெட்டி அடுக்கு சரிஞ்சு விழுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கப்பல் வாடகையைப் பத்தியும் ஒரு கணக்குச் சொல்றேன், ஏன்னா இதுலயும் ரெண்டு பக்கமும் தப்பாப் பேசுறாங்க. 1956 ஏப்ரல் 26-ல மால்கம் மெக்லீன்னு ஒரு லாரி கம்பெனிக்காரர் ஐடியல் எக்ஸ்ங்கிற பழைய எண்ணெய்க் கப்பல்ல 58 பெட்டியை வச்சு அமெரிக்காவுல நெவார்க்ல இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரைக்கும் மூட்டையும் பீப்பாயுமா தனித்தனியா தோள்ல சுமந்து ஏத்துறதுக்கு டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆச்சாம், அவர் முறையில 16 சென்ட்டுக்கும் உள்ள முடிஞ்சது. இன்னைக்கு ஒரு கப்பல்ல 20 அடிப் பெட்டிக் கணக்குல 24,000-க்கும் மேல ஏத்துற அளவுக்கு வந்தாச்சு. ட்ரூவ்ரிங்கிற கப்பல் துறை ஆய்வு நிறுவனம் வெளியிடுற உலக கன்டெய்னர் குறியீட்டுல 40 அடிப் பெட்டிக்கு 2019 சராசரி சுமார் 1,420 டாலர். ஒரு பெட்டியில 6,000 ஜோடி ஷூ ஏத்துனதா வச்சுக்கோங்க, ஒரு ஜோடிக்கு கால் டாலர்கூட வரல. அதே பெட்டியில சோஃபா ஏத்துனா 40 தான் போகும்னு வைங்க, ஒண்ணுக்கு 35 டாலர் வந்துடும். 2021 செப்டம்பர்ல அந்தக் குறியீடு 10,377 டாலருக்குப் போச்சு. அப்ப ஷூவுக்கு ஒண்ணே முக்கால் டாலர், சோஃபாவுக்கு 260 டாலர் கிட்ட. ஃப்ரெய்ட்டு ஏறிடுச்சுன்னு சொல்லி ஷூ விலையை அடிச்சு ஏத்துனவர் கிட்ட நீங்க கேள்வி கேக்கலாம், நியாயம்தான். சோஃபா விக்கிறவர் கிட்ட அதே கேள்வியை அதே குரல்ல கேக்க முடியாது. இடத்தை அடைக்கிற சரக்கா, சின்ன சரக்கான்னு பாக்காம எல்லாத்தையும் ஒரே படத்துல போட்டதுதான் எனக்கு வருத்தம்.

இன்னும் ஒண்ணு, அந்த வருஷம் பெரிய கம்பெனிகளுக்கு வருஷ கான்ட்ராக்ட் இருந்துச்சு, சிலர் தனியாக் கப்பலே வாடகைக்குப் பிடிச்சாங்க. அன்னன்னைக்கு மார்க்கெட் வாடகையில, அதாவது ஸ்பாட் ரேட்டுல மாட்டுனவங்க முக்கால்வாசி சின்ன ஆளுங்கதான்.

இப்ப பேப்பர். பி.எல்.னு நாங்க சொல்றது பில் ஆஃப் லேடிங். கப்பல் கம்பெனி சரக்கை வாங்கிக்கிட்டேன்னு கொடுக்குற ரசீது, கொண்டுபோறதுக்கான ஒப்பந்தம், அது போக வீட்டுப் பத்திரம் மாதிரி அந்தச் சரக்குக்கு உரிமைப் பத்திரமும் அதுதான். வழக்கமா மூணு ஒரிஜினல் போடுவாங்க, அதுல ஒண்ணைக் கொடுத்தா சரக்கு விடுவிப்பாங்க. அது கையில இல்லாம, சரக்கு உங்க கண்ணு முன்னாடி இறங்கி நின்னாலும் உங்களால தொட முடியாது. பணம் முழுசாக் கட்டியாச்சுன்னா ஒரிஜினலை ஏத்துன ஊர்லயே திருப்பிக் கொடுத்துட்டு டெலக்ஸ் ரிலீஸ் (ஒரிஜினல் இல்லாமலே சரக்கை விடச் சொல்ற தகவல்) வாங்கிக்கலாம், இல்லன்னா சீ வேபில் (உரிமைப் பத்திரமா இல்லாத ரசீது) போடலாம், கூரியருக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனா நம்பிக்கை இல்லாத இடத்துல ஒரிஜினல்தான் பாதுகாப்பு, பேங்க் வழியா போனா அதுதான் வேணும்.

நான் பாத்த ஒரு கேஸ் சொல்றேன், யாரு எந்தக் கம்பெனின்னு வேணாம். சின்னதா வீட்டு உபயோகச் சாமான் விக்கிறவர், முதல்முறை எல்.சி., அதாவது பேப்பர் எல்லாம் சரியா இருந்தா விக்கிறவருக்குப் பணம் தர்றேன்னு பேங்க் கொடுக்குற உறுதிக் கடிதம், ஓப்பன் பண்ணி ஒரு 40 அடி கன்டெய்னர் வரவழைக்கிறார். எல்.சி.ல கடைசி ஷிப்மெண்ட் தேதின்னு ஒண்ணு போட்டிருந்தாங்க. ஃபேக்டரி தேதிக்குள்ள முடிச்சு, அந்தக் கப்பலுக்குப் பெட்டி எடுத்துக்குற கடைசி நேரத்துக்கு (கட்-ஆஃப்) முன்னாடியே பெட்டியைத் துறைமுகத்துக்குள்ள விட்டாச்சு. அந்தக் கப்பல்ல இடம் இல்ல, கப்பல் கம்பெனி அளவுக்கு மீறி புக்கிங் எடுத்திருந்தாங்க, பெட்டியை அடுத்த வாரக் கப்பலுக்குத் தள்ளிட்டாங்க, ரோல் ஓவர்னு சொல்லுவோம், தினமும் நடக்குறதுதான். அதனால பி.எல்.ல ஏத்துன தேதி எல்.சி. தேதியைத் தாண்டிப் போச்சு. பேங்க் அதைப் பிடிச்சுச்சு. பேங்க் மேல தப்புச் சொல்ல முடியாது, எல்.சி.க்கான யு.சி.பி. 600-ங்கிற சர்வதேச விதியில தெளிவா இருக்கு, பேங்க் பாக்குறது பேப்பரைத்தான், சரக்கை இல்ல, பேப்பரைப் பாக்குறதுக்கு அவங்களுக்கு 5 வங்கி வேலை நாள் வரைக்கும் இருக்கு. முரண் இருக்குன்னு சொன்னதும் இவர் அதை ஏத்துக்குறேன்னு கையெழுத்துப் போடணும், ஆனா இவருக்கு ஏத்துக்குறதுன்னா என்ன அர்த்தம்னே யாரும் சொல்லல, ஏதோ சரக்குல கோளாறுன்னு பயந்து போய் ஃபேக்டரிக்கு மெயில் மேல மெயில் போட்டுக்கிட்டு இருந்தார், அவங்க ஊர்ல அப்ப நீண்ட லீவு, பதில் சொல்ல ஆள் இல்ல. இதுக்கிடையில கப்பல் வந்து பெட்டி இறங்கிடுச்சு, ஃப்ரீ டேஸ் ஓட ஆரம்பிச்சுது.

ஃப்ரீ டேஸ்னா, பெட்டி இறங்குனதுலேர்ந்து இத்தனை நாள் வரைக்கும் சும்மா வச்சுக்கலாம்னு லைன், அதாவது கப்பல் கம்பெனி, கொடுக்குற அவகாசம். அது முடிஞ்சா டெமரேஜ், நாள் கணக்கு, அதுவும் முதல் சில நாளைக்கு ஒரு ரேட்டு, அடுத்த சில நாளைக்கு அதை விட மேல, அப்புறம் அதுக்கும் மேல. டெர்மினல்ல இடம் அடைக்கிறதுக்கு டெர்மினல்காரங்க ஸ்டோரேஜ் தனியா போடுவாங்க. சரக்கை எடுத்துட்டுப் போய் காலிப் பெட்டியைத் திருப்பி விட லேட்டானா அதுக்கு டிடென்ஷன். அவர் கடைசியில பேப்பரை ரிலீஸ் பண்ணி சரக்கை எடுத்தப்போ, அந்தச் சரக்குல அவர் எதிர்பார்த்த லாபம் மொத்தமும் டெமரேஜ்ல போயிடுச்சு. ஃபேக்டரி தப்புப் பண்ணல, பேங்க் தப்புப் பண்ணல, இவரும் தப்புப் பண்ணல. பெட்டியைத் தள்ளிவிட்ட லைன்தான் டெமரேஜ் பில்லும் போட்டுச்சு. சட்டப்படி அதுல பிழை கண்டுபிடிக்க முடியல, பி.எல். பின்பக்கம் பொடி எழுத்துல எல்லாமே இருக்கு. எனக்கு இன்னும் ஆறல.

இதுல தப்பிக்க சிலர் பி.எல்.ல உண்மையா ஏத்துன நாளுக்கு முந்தின தேதியைப் போட்டுத் தரச் சொல்லுவாங்க, நிறைய பேர் கேப்பாங்க. அது மோசடி. யார் கேட்டாலும் பண்ணக்கூடாது, வாங்குறவரும் ஒத்துக்கக்கூடாது, நாளைக்கு ஒரு வழக்குன்னு வந்தா கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும்தான் சிக்கல். தேதியில ஒரு பத்துப் பதினஞ்சு நாள் இடைவெளி விட்டு எல்.சி. ஓப்பன் பண்ணாலே போதும்.

கடல்ல நடக்குற ஆபத்துல ஜெனரல் ஆவரேஜ்னு ஒண்ணு இருக்கு, வியாபாரத்துல இருக்குற பாதிப் பேருக்கு இது தெரியாது. 2021 மார்ச் 23-ல எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாய்ல குறுக்கால மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கும், 400 மீட்டர் நீளக் கப்பல், 18,000-க்கும் மேல கன்டெய்னர், 29-ம் தேதி நகர்த்துனாங்க. அதோட கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் டிவியை அணைச்சுட்டாங்க. முடியல. நஷ்டஈட்டுத் தகராறுல கப்பலை எகிப்து ஜூலை 7 வரைக்கும் விடவே இல்ல. கப்பல் ஓனர் ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சார். அதாவது கப்பலையும் சரக்கையும் பொதுவாக் காப்பாத்த ஆன செலவை, கப்பல் ஓனரும் அதுல சரக்கு வச்சிருந்த எல்லாரும் அவங்கவங்க சொத்து மதிப்புக்குத் தக்கபடி பகிர்ந்துக்கணும். உங்க பெட்டிக்கு ஒண்ணுமே ஆகலன்னாலும் கட்டணும். இன்சூரன்ஸ் இருந்தா அவங்க கியாரண்டி கொடுத்துடுவாங்க, இல்லாதவங்க கையில இருந்து டெபாசிட் கட்டுனாத்தான் சரக்கு. இந்த வழக்கம் கன்டெய்னருக்கு எவ்வளவோ முன்னாடி, பாய்மரக் கப்பல் காலத்துலேர்ந்தே வர்றது. இன்சூரன்ஸ் வேணாம், அதுல மிச்சம் பிடிக்கலாம்னு சொல்ற ஒவ்வொருத்தர் கிட்டயும் நான் இந்தக் கப்பல் பேரைத்தான் சொல்லுவேன்.

அதே மாதிரி 2016 ஆகஸ்ட் 31-ல ஹான்ஜின்ங்கிற பெரிய கொரியக் கப்பல் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு. காசு கிடைக்குமான்னு தெரியாம பல துறைமுகத்துல அவங்க கப்பலை உள்ள விட யோசிச்சாங்க, 1,400 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு நடுக்கடல்ல நின்னுச்சு. ஃப்ரெய்ட்டு கட்டி முடிச்சவங்க மறுபடியும் கட்டி எடுக்க வேண்டிய நிலைமை. 2023 கடைசியில செங்கடல்ல கப்பல்களைத் தாக்க ஆரம்பிச்சதும் ஆப்பிரிக்காவைச் சுத்தி நன்னம்பிக்கை முனை வழியா போக வேண்டியதாச்சு, ஆசியாவுல இருந்து ஐரோப்பாவுக்குப் போற சரக்குக்குப் பத்து நாள்லேர்ந்து ரெண்டு வாரம் கூடுதலாச்சு. நாள் கூடுனா பெட்டி திரும்பி வர்றதும் லேட்டாகும், உடனே பெட்டித் தட்டுப்பாடு, உடனே அந்தப் பக்கமே போகாத ரூட்லயும் வாடகை ஏறும். எங்கயோ நடக்குற சண்டைக்கு இங்க ஏன் விலை ஏறணும்னு கேக்குறவங்களுக்கு இதைத்தான் நான் சொல்றது, எல்லாக் கடலும் ஒரே பெட்டிகளைத்தான் பங்கு போட்டுக்குது.

கப்பல்ல வேலை பாக்குறவங்களைப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரிகூட இல்ல. 2020-ல எல்லைகளை மூடுனப்போ, ஒப்பந்தம் முடிஞ்சும் இறங்க முடியாம சுமார் 4 லட்சம் மாலுமிங்க கப்பல்லயே கிடந்தாங்க. உலகத்துல வாங்கி விக்கிற சரக்குல அளவுக் கணக்குப்படி 80 சதவீதத்துக்கு மேல கடல் வழியாத்தான் போகுது, அதைக் கொண்டுபோற ஆளுங்களுக்குக் கரையில கால் வைக்க அனுமதி கிடைக்கல. ஊர் ஊரா ஷெல்ஃப் காலியா இருக்குன்னு செய்தி வந்துச்சு, இவங்களைப் பத்தி எங்கயோ மூலையில ரெண்டு பத்தி.

கஸ்டம்ஸ் பத்தி அதிகம் சொல்லல, அது ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு மாதிரி. பொதுவானது ஒண்ணுதான், எச்.எஸ். கோடு, அதாவது ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் கஸ்டம்ஸ்ல போடுற எண். 1988-ல நடைமுறைக்கு வந்தது, முதல் 6 இலக்கம் உலகம் பூரா ஒண்ணு, அதுக்குப் பின்னாடி வர்றதை ஒவ்வொரு நாடும் போட்டுக்கும். இந்தக் கோடு மாறுனா ட்யூட்டி மாறும், சில சமயம் லைசென்ஸே தேவைப்படும். ஃபேக்டரிக்காரர் இன்வாய்ஸ்ல போட்ட கோடை அப்படியே எடுத்துப் போடாதீங்க, ஆர்டர் கொடுக்குறதுக்கு முன்னாடியே உங்க கிளியரிங் ஏஜென்ட் (கஸ்டம்ஸ் வேலையை முடிச்சுக் கொடுக்குறவர்) கிட்ட கேட்டுக்கோங்க. பெட்டி இறங்குனதுக்கு அப்புறம் கோடு பத்தி ஆபீசரோட வாதாடுனா, நீங்க ஜெயிச்சாலும் டெமரேஜ் உங்களுதுதான்.

அதுக்கப்புறம் லாரி, குடோன், பெட்டியைப் பிரிக்கிறது, எண்ணுறது, ஸ்டிக்கர் ஒட்டுறது, கடைகளுக்குப் பிரிச்சு அனுப்புறது. பெரிய செயின் கடைகள்ல ஒரு பக்கம் லாரி இறங்குனா இன்னொரு பக்கம் கடை லாரியில உடனே ஏத்திடுவாங்க, குடோன்ல ஒரு ராத்திரிகூட தங்காது. சின்ன கடைக்காரருக்கு ஃபுல் கன்டெய்னர் எடுத்தாத்தான் கட்டுப்படியாகும், எடுத்தா ஆறு மாசத்துக்கு அந்தச் சரக்கை அடுக்கி வைக்கணும், வாடகை, பூச்சி, உடைசல், மாடல் மாறிடும்ங்கிற பயம். விலையில இதுவும் இருக்கு.

பார்கோடு பத்தியும் ஒண்ணு சொல்லிடுறேன், உங்க கட்டுரைப் பெட்டிச் செய்தியில தப்பா வந்திருந்துச்சு. 690-ல ஆரம்பிச்சா சீனாவுல செஞ்சதுன்னு போட்டிருந்தீங்க. அந்த முதல் மூணு எண், கம்பெனி எந்த நாட்டு அமைப்புல பதிவு பண்ணி நம்பர் வாங்குச்சுங்கிறதை மட்டும்தான் காட்டும், பொருள் எங்க செஞ்சதுன்னு காட்டாது. வேற நாட்டுல பதிவு பண்ண கம்பெனி சீனாவுல செஞ்சு வாங்கலாம், அதுல 690 இருக்காது. எங்க செஞ்சதுன்னு தெரியணும்னா லேபிள்ல எழுதியிருக்குறதைத்தான் பாக்கணும். இதை நம்பி ஜனங்க கடையில சண்டை போடுறாங்க, திருத்தம் போட்டீங்கன்னா நல்லது.

கொள்ளை லாபம் வைக்கிறவங்க இல்லன்னு நான் சொல்லல. இருக்காங்க. ஃப்ரெய்ட்டு ஏறும்போது மறுநாளே விலையை ஏத்திட்டு, இறங்குனா மாசக்கணக்கா வாயைத் திறக்காதவங்க இருக்காங்க, அவங்களைக் கண்டிப்பா எழுதுங்க. ஆனா அவங்களைப் பிடிக்கணும்னாலும் நடுவுல உள்ள கணக்கு தெரியணும். எஃப்.ஓ.பி. விலை, ஒரு பீஸுக்கு விழுற ஃப்ரெய்ட்டு, ட்யூட்டி, இறங்குன இடத்துச் சார்ஜ், வட்டி, குடோன், உடைசல், இத்தனையும் போட்டுப் பாத்து, அதுக்கு மேல எவ்வளவு நிக்குதுன்னு கேட்டா எந்த வியாபாரியும் மழுப்ப முடியாது. ரெண்டு நம்பரை மட்டும் காட்டுனா, உண்மையிலேயே கொள்ளை அடிக்கிறவர், உனக்கு இந்தத் தொழில் தெரியாதுன்னு ஒரே வார்த்தையில தட்டிவிட்டுட்டுப் போயிடுவார், டெமரேஜ் கட்டி நொந்து போனவருக்கும் அதே கெட்ட பேரு.

அதனால உங்க கிட்ட நான் கேக்குறது ரெண்டு. இனிமே இறக்குமதிச் சரக்குக்கு விலை போடும்போது அதுக்குப் பக்கத்துல எஃப்.ஓ.பி.யா, சி.ஐ.எஃப்.பா, டி.டி.பி.யான்னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்துப் போடுங்க, எந்த மாசத்து ஃப்ரெய்ட்டுன்னும் போடுங்க. அடுத்தது, உங்க வியாபாரப் பக்கத்துல வாரம் ஒரு சின்ன இடம் ஒதுக்கி புதுசா இறக்குமதி பண்றவங்களுக்கு ஒவ்வொரு பேப்பரா விளக்குங்க, பி.எல். எப்படி படிக்கிறது, எல்.சி.ல தேதி எப்படி வைக்கிறது, லோக்கல் சார்ஜ் லிஸ்ட்டை முன்கூட்டியே எப்படி கேட்டு வாங்குறது, ஃப்ரீ டேஸ் கூட்டிக் கேக்குறது எப்போ, புக்கிங் போடுறதுக்கு முன்னாடியே கேக்கணும், பெட்டி இறங்குனதுக்கு அப்புறம் கேட்டா பெரும்பாலும் கிடைக்காது. எழுத ஆள் வேணும்னா என்னைப் போல ஃபார்வர்டிங், கிளியரிங் ஆபீஸ்ல உக்காந்திருக்குற எத்தனையோ பேர் காசு வாங்காம எழுதித் தருவாங்க, முதல் வாரத்துக்கு எல்.சி. தேதியைப் பத்தி நானே எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஃபார்வர்டிங் ஆபீஸ்ல வேலை பாக்குற உங்க வாசகர்